ஓர்கன் வேறு, சிந்தசைசர் வேறு

மட்டக்களப்பில் வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் உள்ள எந்தக் கருவிக்கும் பெயர் ஓர்கன். தேவாலயத்தில் இருப்பதும் ஓர்கன், கல்யாண மண்டபத்தில் பாட்டுக் குழுவினர் கொண்டுவந்து வைப்பதும் ஓர்கன், லண்டனிலிருந்து வந்த மாமா பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போன சிறிய கருவியும் ஓர்கன். ஊர்ப் பேச்சுக்கு அது போதும். கடைக்குப் போகும்போது போதாது. ஒலியை நாமே செய்துகொள்ளும் கருவியான சிந்தசைசர் என்று நினைத்து ஓர்கனை வாங்கி வந்தவர்களையும், ஓர்கன் என்று நினைத்து ஒலியே இல்லாத மிடி விசைப்பலகையை வாங்கி வந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

கல்லடியில் என் வீட்டு முன்னறைக்குச் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகள் இசை பழக வருவார்கள். சென்ற மாரியில் உயர்தரம் எழுதி முடித்த ஒரு பையன் நேரே விடயத்துக்கு வந்தான். "சேர், 70,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். சிந்தசைசர் வாங்கட்டுமா, கணினிக்கு மென்பொருள் வாங்கட்டுமா?"

"இப்போது ஒன்றும் வாங்காதே, தம்பி. முதலில் 'ஊ' என்று சொல்" என்றேன்.

வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். அதே சுருதியில், மூச்சை விடாமல், மெதுவாக 'ஈ'க்கு வரச் சொன்னேன். 'ஊ' மெல்ல 'ஈ' ஆனது. நீங்களும் இப்போதே ஒருமுறை செய்து பாருங்கள். சுருதி மாறவில்லை, தொண்டையில் அதிரும் குரல் நாண்கள் அதே வேகத்தில்தான் அதிர்கின்றன. ஆனால் எழுத்து மாறிவிட்டது. மாற்றியது வாய். நாக்கும் உதடும் இடம் மாறி, தொண்டை தந்த ஒலியில் சில பகுதிகளை அடக்கி, சில பகுதிகளை எழுப்பிவிட்டன. உயிரெழுத்து பன்னிரண்டும் இப்படித்தான் பிறக்கின்றன. சிந்தசைசரும் இதையே செய்கிறது.

தொண்டையின் இடத்தில் அங்கே இருப்பது ஆசிலேட்டர். ஒரு சீராக அதிர்ந்துகொண்டே இருப்பது அதன் வேலை. அதிரும் விதத்துக்கு ஏற்ப அலைக்குப் பெயர் உண்டு: சைன் அலை, முக்கோண அலை, சதுர அலை, வாள்பல் அலை. நொடிக்கு 110 தடவை அதிரும் ஒரு சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சைன் அலையில் அந்த 110 மட்டும்தான் இருக்கும். சீழ்க்கை போல வழவழப்பாக, உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் கேட்கும். வாள்பல் அலையில் 110 உடன் 220, 330, 440 என்று அதன் மடங்குகள் எல்லாம் மேற்சுரங்களாகச் சேர்ந்து ஒலிக்கும். வயலின் போன்ற வில் கருவிகளையும் பித்தளைக் குழல்களையும் நினைவூட்டும் கூர்மை அதற்கு அப்படித்தான் வருகிறது. சதுர அலையில் 110, 330, 550 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் இருக்கும். அதனால் உள்ளே குழிவான, கிளாரினெட்டை நினைவூட்டும் ஒலி. சுருதியே இல்லாத இரைச்சலும் ஒரு மூலப்பொருள்தான். 'ஸ்' என்று நீட்டிச் சொல்லும்போது கேட்பது அதுவே. நாவலடிக் கரையில் உடையும் அலையின் ஒலியை இரைச்சலிலிருந்து செய்யலாம்.

வாயின் இடத்தில் ஃபில்டர். 'கட்-ஆஃப்' என்று எழுதிய குமிழைத் திருப்பினால், அந்த எல்லைக்கு மேலுள்ள மேற்சுரங்கள் படிப்படியாக அடங்கும். அடுத்த தெருவுக் கல்யாண வீட்டுப் பாட்டு, சுவர் கடந்து வரும்போது வெறும் 'தும் தும்' என்று மட்டும் கேட்கிறதே, அங்கே சுவர்தான் ஃபில்டர். பக்கத்தில் உள்ள 'ரெசனன்ஸ்' குமிழ், எல்லையை ஒட்டிய பகுதியை மட்டும் உயர்த்தும். அதைச் சற்றுக் கூட்டிவைத்துக்கொண்டு கட்-ஆஃபை மெதுவாகத் திறந்தால், கருவி உண்மையிலேயே 'ஊ'விலிருந்து 'ஆ'வுக்குப் போவதுபோல் கேட்கும். அந்தப் பையன் முதன்முதலில் இதைக் கேட்டபோது குமிழிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மூன்றாவது உறுப்பில்தான் தொடங்குவோர் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். மீண்டும் வாயிலிருந்தே வருவோம். 'ஆ', 'மா', 'பா' மூன்றையும் சொல்லிப் பாருங்கள். உள்ளே இருக்கும் உயிர் ஒன்றுதான், ஆனால் ஒலி பிறக்கும் விதம் வேறு. 'பா' உதட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. 'மா' மெல்ல வழிந்து வருகிறது. ஒலி எப்படி எழுந்து, எப்படி நின்று, எப்படி அடங்குகிறது என்பதை வரையும் உறுப்புக்கு என்வலப் என்று பெயர். அதில் அட்டாக், டிகே, சஸ்டைன், ரிலீஸ் என நான்கு குமிழ்கள். கட்டையை அழுத்தியதும் ஒலி உச்சிக்கு ஏற எடுக்கும் நேரம் அட்டாக். உச்சியிலிருந்து இறங்கும் நேரம் டிகே. விரலை எடுத்தபின் அடங்க எடுக்கும் நேரம் ரிலீஸ். இம்மூன்றும் நேரங்கள். சஸ்டைன் மட்டும் நேரம் அல்ல, அளவு: கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஒலி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது. இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கூத்துக் களரியில் அண்ணாவியார் மத்தளத்தில் அடிக்கும் ஒற்றை அடியை எடுத்துக்கொள்வோம். அட்டாக் பூச்சியம், டிகே குறுகியது, சஸ்டைன் பூச்சியம். கட்டையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் அடி நீளாது. கோயில் காண்டாமணிக்கும் அட்டாக் பூச்சியம், சஸ்டைனும் பூச்சியம். ஆனால் டிகேயை ஐந்தாறு நொடிக்கு நீட்ட வேண்டும், கூடவே ரிலீஸையும் நீட்ட வேண்டும். பலர் ரிலீஸை மறந்துவிடுகிறார்கள். விரலை எடுத்த கணமே மணி அறுந்து நின்றுவிடும், காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் தேடுவார்கள். நாதஸ்வரத்துக்கோ சஸ்டைன் உச்சத்தில் இருக்க வேண்டும். மூச்சு இருக்கும் வரை ஒலியும் இருக்கிறது அல்லவா.

நான்காவது எல்.எஃப்.ஓ. அதுவும் ஓர் ஆசிலேட்டர்தான், ஆனால் காதுக்குச் சுரமாகக் கேட்காத அளவுக்கு மெதுவாக அதிர்வது. அதைச் சுருதியோடு இணைத்து நொடிக்கு ஐந்தாறு தடவை அசையவிட்டால் குரலின் நடுக்கம் கிடைக்கும். இதைக் கமகம் என்று யாராவது சொல்லித் தந்தால் நம்பாதீர்கள். எல்.எஃப்.ஓ ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. கமகம் ஒவ்வொரு முறையும் கேட்டு, நினைத்து, கையால் செய்வது. அதற்கு வேண்டியது இடப்பக்கத்தில் உள்ள சுருதி வளைக்கும் சக்கரம். நம் இசைக்கு 61 கட்டைகளைவிட அந்தச் சக்கரம் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். 25 கட்டையும் நல்ல சக்கரமும் உள்ள கருவி, 61 கட்டையும் சக்கரமின்மையும் உள்ள கருவியை வெல்லும்.

வீடுகளில் பொதுவாக இருக்கும் ஓர்கனில் இந்த வேலைகளை எல்லாம் தொழிற்சாலையிலேயே முடித்து, பதிவுசெய்த ஒலிகளாக அடுக்கித் தந்திருப்பார்கள். 200 என்று அழுத்தினால் புல்லாங்குழல், 45 என்று அழுத்தினால் கிற்றார். மேடையில் வாசிக்க அதுதான் வசதி. சிந்தசைசரில் ஒலியை நீங்களே செய்கிறீர்கள். மிடி விசைப்பலகையிலோ ஒலியே கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டீர்கள் என்ற செய்தியை மட்டும் அது கணினிக்கு அனுப்பும். ஸ்பீக்கரில் நேராகச் செருகிவிட்டு, பழுதான பொருளைத் தந்துவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வரலாம். வன்பொருளா, மென்பொருளா?

இந்த விவாதத்தில் 'வன்பொருள் உண்மையானது, மென்பொருள் போலி' என்ற பேச்சு எப்போதும் எழும். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. அமெரிக்கப் பொறியியலாளர் ரொபர்ட் மோக் 1964இல் தம் முதல் சிந்தசைசரைச் செய்தபோது ஒலி முழுக்க மின்சுற்றில் பிறந்தது. 1970இல் வந்த மினிமோக்கும் அப்படியே. ஆனால் 1983இல் வந்து உலகமெங்கும் பரவிய யமஹாவின் டி.எக்ஸ்.7 முழுக்க எண்களால் கணக்கிட்டு ஒலி செய்வது. இரும்புப் பெட்டியும் கட்டைகளும் இருந்தன, உள்ளே நடந்தது கணக்கு. ஒலி மென்பொருள்களைப் பாட்டமைக்கும் மென்பொருளுக்குள் செருகிக்கொள்ள உதவி, கணினிக்குள் இருக்கும் சிந்தசைசர்களுக்கு வழி திறந்த வி.எஸ்.டி முறையை ஸ்டைன்பெர்க் நிறுவனம் வெளியிட்டது 1996இல். இன்று விற்கும் பெட்டிகளிலும் பல, குமிழ் பூட்டிய சிறு கணினிகளே. ஆகவே ஒலி மின்சுற்றில் பிறக்கிறதா எண்களில் பிறக்கிறதா, அதாவது அனலொக்கா டிஜிட்டலா என்பது ஒரு கேள்வி, பெட்டியா மென்பொருளா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

மென்பொருளில் தொடங்குங்கள். காசு போகாது என்பது முதல் காரணம். சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சிந்தசைசர் முழுக்க இலவசம், வைட்டலுக்கு இலவசப் பதிப்பு உண்டு, டி.எக்ஸ்.7ஐப் போலவே ஒலிக்கும் டெக்செட்டும் இலவசம். வைட்டலில் அலையும் என்வலப்பும் திரையில் அசைந்து காட்டுவதால், மேலே சொன்ன நான்கையும் கண்ணால் பார்த்துக்கொண்டே படிக்கலாம். பாட்டைக் கோத்து அமைக்கும் மென்பொருளுக்கு எல்.எம்.எம்.எஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஒலிவாங்கிப் பதிவும் செய்யக்கூடிய ரீப்பரை 60 நாட்கள் முழு வசதிகளோடு பழகிப் பார்க்கலாம். இவ்வளவும் இருக்கும்போது பென் டிரைவில் கைமாறும் திருட்டுப் பிரதிகளைக் கணினியில் ஏற்ற வேண்டிய காரணமே இல்லை. வைரஸ் புகுந்து ஒரு வருட வேலை அழிந்தவர்களின் துயரம் எனக்குத் தெரியும்.

மென்பொருளுக்கு ஒரு தொல்லை உண்டு: தாமதம். கட்டையை அழுத்திய பின் ஒலி சற்றுப் பிந்தி வரும். கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்பாமல், ஒரு வாளி நிரம்பியதும்தான் அனுப்புகிறது. அந்த வாளிக்குப் பஃபர் என்றும் ஒவ்வொரு துளிக்கும் மாதிரி என்றும் பெயர். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 512 மாதிரி கொண்ட வாளி நிரம்ப ஏறத்தாழ 12 மில்லி நொடி ஆகும். 128 என்றால் ஏறத்தாழ 3. ஒலி காற்றில் நொடிக்கு 340 மீற்றரளவு பயணம் செய்வதை வைத்துப் பார்த்தால், 3 மில்லி நொடி என்பது ஸ்பீக்கர் ஒரு மீற்றர் தள்ளி இருப்பதற்குச் சமம். 12 மில்லி நொடி நான்கு மீற்றர். இவை குறைந்தபட்சக் கணக்குகள். கணினிக்குள் வேறு தாமதங்களும் சேரும். வாளியை மிகச் சிறிதாக்கினால் கணினி மூச்சுத் திணறி 'படபட'வென்று வெடிப்பொலி தரும். விண்டோஸ் கணினியில், ஒலியைக் குறைந்த தாமதத்தில் அனுப்பும் 'ஏசியோ' வகை டிரைவர் இல்லாமல் வாசிக்கவே முடியாது என்றுதான் சொல்வேன். கணினிக்கு ஒலியை உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகும் சிறு பெட்டியான யூ.எஸ்.பி ஒலி இடைமுகம் ஒன்று வாங்கினால் அதனோடு பெரும்பாலும் வரும். அதுவரை ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் கைகொடுக்கும்.

வன்பொருளில் இந்தத் தொல்லைகள் இல்லை. சுவிட்சைப் போட்டால் ஒலி. தொலைபேசிச் செய்தியும் மென்பொருள் புதுப்பிப்பும் குறுக்கே வராது. கண்ணை மூடிக்கொண்டு இரு கையாலும் இரு குமிழைத் திருப்பும் இன்பத்தை எலி எனப்படும் மவுஸால் தர முடியாது. இதை நான் மனதாரச் சொல்கிறேன், என்னிடமும் ஓர் அனலொக் பெட்டி இருக்கிறது.

ஆனால் நாம் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே. என் பெட்டி வந்து இரண்டாம் வருடம் கட்-ஆஃப் குமிழைத் திருப்பும்போதெல்லாம் 'கர்கர்' என்றது. உப்புக் காற்று குமிழின் உட்தொடுகையில் படிந்துவிட்டது. மின்தொடுகைகளுக்கான கிளீனர் தெளிப்பான் ஒன்றால் சுத்தம் செய்து, குமிழை இருபது முப்பது தடவை முழுச் சுற்றாகத் திருப்பினேன், சரியானது. அதற்குப் பின் வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் மூடி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பைகளை வைக்கிறேன். பொலித்தீனால் இறுக்கிக் கட்டுவது தவறு. ஈரம் உள்ளேயே நின்றுவிடும். கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்துப் பகலில் அனலொக் ஆசிலேட்டரின் சுருதியும் நகரும். சுவிட்சைப் போட்டு ஒரு கால்மணி நேரம் சூடேறவிட்டு, பிறகு சுருதி பார்த்துத் தொடங்குவேன்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய ஆபத்து. கருவிகளில் பல வெளிநாட்டு உறவினரின் பெட்டியில் வருகின்றன. கனடாவில் மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. மச்சான் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து அன்போடு சுமந்துவந்த பழைய சிந்தசைசரின் அடப்டரை நான் ஆவலில் அப்படியே செருகிவிட்டேன். புகையும், ஒரு மணமும். கருவி தப்பியது, அடப்டர் கருகியது. அடப்டரின் முதுகில் உள்ள சிறிய எழுத்தை முதலில் படியுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் செருகலாம், 120 என்று மட்டும் இருந்தால் தொடவே வேண்டாம். புதிய அடப்டர் வாங்கும்போது வோல்ட்டும் அம்பியரும் மட்டும் போதாது. வட்டத்துக்குள் புள்ளியும் + - குறிகளும் கொண்ட சிறு படம் ஒன்று இருக்கும். முனையின் நடுப்பகுதி நேரா மறையா என்பதை அது சொல்கிறது. எல்லாக் கம்பனிகளும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. கருவியிலும் அடப்டரிலும் அந்தப் படம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அறை பற்றி. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று போதும். கதிரையில் உட்கார்ந்ததிலிருந்து முதல் ஒலி வரும் வரை ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்பதை மட்டும் அளவுகோலாக வையுங்கள். மேசையில் கணினி, அதற்கு முன்னால் விசைப்பலகை, கை எட்டும் தூரத்தில் ஒலி இடைமுகம், ஹெட்ஃபோன் மாட்ட ஓர் ஆணி. கேபிள்களைக் கழற்றிச் சுருட்டி அலுமாரியில் வைக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மாதத்தில் வாசிப்பதே நின்றுவிடும். அவற்றை நிரந்தரமாகச் செருகி, இரு முனையிலும் ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டுங்கள். மின்கேபிள் ஒரு பக்கமும் ஒலிக்கேபிள் மறுபக்கமும் ஓடட்டும்.

ஸ்பீக்கரில் 'ஊம்' என்று 50 ஹேர்ட்ஸ் முனகல் கேட்டால், முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே செருகிப் பலகையில் இணைத்துப் பாருங்கள், அநேகமாகக் குறைந்துவிடும். முனகலை நிறுத்துவதற்காகப் புவித்தொடுப்பு முனையைக் கழற்றிவிடும்படி சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிர் போகும் வேலை, ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தச் செருகிப் பலகை தரையில் கிடக்கவும் கூடாது. மார்கழி வெள்ளம் வீட்டுக்குள் வரும் ஊரில் அதை மேசைக்காலில் முழங்கால் உயரத்துக்கு மேல் கட்டிவைப்பதுதான் முறை. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணம், ஸ்பீக்கரின் சிறிய கூம்பு காது மட்டத்தில், மூலையில் வைக்க வேண்டாம். சுவரில் முட்டைத் தட்டு ஒட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம். ஒலி வெளியே போவதை அது தடுக்காது, தாழ்ந்த ஒலிகளுக்கு ஒன்றும் செய்யாது, தீ பிடித்தால் பரவும். துணி நிறைந்த அலுமாரியும் சுவரில் சாய்த்த பஞ்சு மெத்தையும் அதைவிட நல்ல வேலை செய்கின்றன. தகரக் கூரை வீட்டில் மாரி மாதங்களில் ஒலிவாங்கியில் பாட்டுப் பதிவுசெய்ய முயல்வது வீண். அந்த மாதங்களை நான் ஹெட்ஃபோனோடு ஒலி செய்வதற்கென்றே ஒதுக்கிவிடுகிறேன்.

செய்த ஒலிகளுக்குத் தமிழில் பெயர் வையுங்கள். 'புதியது 7' என்ற பெயர் மூன்று மாதத்தில் உங்களுக்கே விளங்காது. 'நனைந்த தகரம்' விளங்கும். நினைவகம் இல்லாத அனலொக் பெட்டி என்றால் குமிழ்களின் நிலையைத் தொலைபேசியில் படம் எடுத்து, பாட்டின் கோப்புறைக்குள்ளேயே போடுங்கள். பாட்டுகளின் ஒரு பிரதி இந்த வீட்டிலும் ஒன்று வேறொரு வீட்டிலும் இருக்கட்டும்.

அந்தப் பையன் காசை இன்னும் செலவழிக்கவில்லை. பழைய மடிக்கணினியில் சர்ஜை ஏற்றிக் கொடுத்து, ஒரு வேலையும் கொடுத்தேன். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், வாவியில் இரவில் கேட்ட ஒலியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவும்போது எழும் அதிர்வுபோல, ஒன்றாக அன்றிப் பல சின்னஞ்சிறு ஒலிகள் தனித்தனியே தெளிவாகக் கேட்டன என்கிறார். நாம் பாடும் மீன் என்று சொல்வதைத்தான். அதைச் செய்து கொண்டுவா என்றேன். மூன்று ஆசிலேட்டரிலும் சைன் அலை, ஒன்றுக்கொன்று சுருதி ஒரு மயிரிழை விலகி, அட்டாக் இரண்டு நொடி, ரிலீஸ் நான்கு நொடி என்று தொடங்கியவன், போன சனிக்கிழமை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வேகத்தில் எல்.எஃப்.ஓ பூட்டி, ஒலியளவு தனித்தனியே எழுந்து அடங்கும்படி செய்து கொண்டுவந்தான். கேட்டுவிட்டு, அடிப்பகுதியில் ஒரு தாழ்ந்த சுரம் குறைகிறது என்று மட்டும் சொன்னேன். பாலத்தடியில் தோணிக்காரர் ஒருவரிடம் துடுப்பை வாங்கித் தண்ணீரில் வைத்துக் காதால் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.